சமையல் மேடையில் எது இருக்கலாம்?

அமெரிக்க சமையல் நூலாசிரியர் ஜூலியா சைல்டின் அடுக்களை இப்போது வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2001-ல் அவரே கொடுத்தது. அதன் சுவரில் துளைப் பலகை அடித்து, மாட்டும் வாணலிகளின் வெளிக்கோட்டை வரைந்துவைத்தவர் கணவர் பால். எடுத்த பாத்திரம் எடுத்த இடத்துக்கே திரும்பும். அந்தச் சுவருக்கு வேறு அலங்காரம் தேவைப்படவில்லை.

பாத்திரங்களை இப்படிக் கண்ணில் படும்படி வைக்கும் கதவில்லாத ஷெல்ஃப் நமக்கும் புதிதல்ல. எவர்சில்வர் டப்பாக்கள் பளபளவென்று உயரவாரியாக நின்ற அடுக்களைகள் எத்தனை! இப்போதோ பீங்கான் பொம்மை, பிளாஸ்டிக் பூ, யாரும் குடிக்காத கண்ணாடிக் குவளை என்று பார்வைக்கு மட்டும் வாங்கியவை ஏறி உட்கார்கின்றன. தாளிக்கிற வீட்டில் இது சரிவராது. எண்ணெய்ப் புகை படியும், அதன்மேல் தூசி ஒட்டும், கொஞ்ச நாளில் எல்லாம் பிசுபிசுத்துப்போகும். தினமும் புழங்கும் பாத்திரம் தினமும் கழுவப்படுகிறது. அதனாலேயே அது அழகாகவும் நிற்கிறது.

மேடையில் அஞ்சறைப் பெட்டி, உப்பு ஜாடி, எண்ணெய்த் தூக்கு, ஜன்னலோரம் ஒரு கொத்தமல்லித் தொட்டி போதும். மிக்ஸி தினமும் ஓடுகிறதா, இருக்கட்டும். தீபாவளிக்கு மட்டும் இறங்கும் முறுக்கு அச்சை இன்றே பரணில் ஏற்றிவிடுங்கள்.