முழங்குவது தோல்; முழக்குவது கோல்

2025-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 8-ஆம் தேதி, லண்டன் மாநகரில் ராயல் பில்ஹார்மானிக் வாத்தியக் குழுவினர் நமது இளையராஜாவின் ‘வேலியண்ட்’ என்னும் ஸிம்பொனியை வாசித்தார்கள். பண்ணைப்புரத்தில் பிறந்த ஒரு தமிழர் எழுதிய இசையை மேல்நாட்டு வித்வான்கள் வாசித்தார்கள் என்ற செய்தி கேட்டு நாம் எல்லோரும் பூரித்தோம். ஆனால் அன்றைக்கு நமக்கு ஒரு விசித்திரமான யோசனையும் தோன்றிற்று. அத்தகைய மேடைகளில் பின்வரிசையில் நின்று கொட்டுகிறார்களே, அவர்கள் கையிலுள்ள குச்சிகளைச் செய்து கொடுத்தவர்கள் யாராயிருக்கும்?

“இசையைக் கேட்கச் சொன்னால் குச்சியை எண்ணிக் கொண்டிருந்தீரா?” என்று வாசகர்கள் நகைக்கலாம். நகைக்கட்டும். குச்சியை எண்ண வேண்டிய அவசியம் நமக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லவே இந்த வாரம் பேனா எடுத்திருக்கிறோம்.

மேல்நாட்டில் கோலுக்கு ஒரு சரித்திரம் உண்டு. பெர்லியோஸ் என்ற பிரெஞ்சு இசைமேதை 1830-ஆம் ஆண்டு தமது ஸிம்பொனி ஒன்றில், இந்த இடத்தில் கடற்பஞ்சு சுற்றிய கோலால் கொட்டுக, இந்த இடத்தில் மரத்தலைக் கோலால் கொட்டுக என்று ஸ்வரத்தோடு ஸ்வரமாகக் கோலையும் குறித்து வைத்தார். காரணம் எளிது. கடினமான முனை தோலைத் தொட்டவுடன் எகிறிவிடுகிறது. அதனால் நுண்ணிய மேலோசைகளெல்லாம் தப்பி வந்து ஒலி ‘பளீர்’ என்கிறது. மெத்தென்ற முனை ஒரு கணம் கூடுதலாகத் தோலின்மேல் தங்கி, அந்த மேலோசைகளை அமுக்கிவிடுகிறது. ‘தொம்’ என்ற அடியோசை மட்டும் எஞ்சுகிறது. தோல் ஒன்றே, கோல் மாறினால் வாத்தியமே மாறிவிடுகிறது.

பிறகு வந்தவர் அமெரிக்காவின் விக் பர்த். பாஸ்டன் ஸிம்பொனி வாத்தியக் குழுவில் 1952-ஆம் ஆண்டு சேர்ந்து, 2002 வரையில் டிம்பனி என்னும் பெரிய கொட்டு வாத்தியத்தை வாசித்தவர். கடையில் கிடைத்த கோல்கள் தம் கைக்கு ஒத்து வராமற் போகவே, தாமே மரத்தைச் செதுக்கி மாதிரி செய்து பார்த்தார். 1963-ல் அதையே ஒரு தொழிலாக்கினார். ஒரு ஜோடியிலுள்ள இரண்டு கோல்களும் ஒரே நிறை கொண்டிருக்க வேண்டும், தட்டினால் ஒரே ஓசை எழுப்ப வேண்டும் என்று பார்த்துப் பார்த்து இணை சேர்த்தார். 2015-ல் அவர் காலமானபோது, அவர் பெயர் பொறித்த கோல்கள் உலகமெங்கும் பரவியிருந்தன.

இதைப் படித்ததும் ‘வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான்’ என்று பெருமூச்சு விடும் அன்பர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். கொட்டும் கோலுக்குத் தனிப் பெயர் இட்டவர்கள் நம் முன்னோர்கள். ‘குணில்’ என்றும் ‘கடிப்பு’ என்றும் சங்க நூல்கள் சொல்லுவது முரசறையும் கோலைத்தான். ஆனால் ஓர் ஓரவஞ்சனையும் அப்போதே தொடங்கிவிட்டது. முரசுக்குக் கட்டில் உண்டு. அதன்மேல் அறியாது படுத்துறங்கிய மோசிகீரனாருக்குச் சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை கவரி வீசிய கதையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். முரசுக்குக் கட்டில் கிடைத்தது. குணில் எங்கே கிடந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இனி நம் கதைக்கு வருவோம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறினால் வெள்ளிமலை வரும். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பறை கற்பிக்க ஏற்பாடாயிற்று. கீழ்நாட்டிலிருந்து ஓர் ஆசான் வாரந்தோறும் மலையேறி வருவார். மாணவர் பன்னிருவர். பறைக்கு இரண்டு கோல்கள் என்பது பலருக்குத் தெரியாது. இடக்கையில் நீண்டு மெலிந்த மூங்கிற் சிம்பு. அதற்குச் சிண்டுக் குச்சி என்று பெயர். ஏறக்குறைய 28 சென்டிமீட்டர் இருக்கும். வலக்கையில் குட்டையான, பருத்த அடிக்குச்சி. அது சுமார் 18 சென்டிமீட்டர். மெல்லியது சடசடக்கும்; பருத்தது அதிரும். இரண்டும் சேர்ந்தால்தான் பறை பேசும்.

ஆண்டு விழாவுக்கு ஒத்திகை தொடங்கிய முதல் நாளே ஐந்து சிண்டுகள் முறிந்தன. ஒரு பையனின் விரலில் மூங்கிற் சிலாம்பு ஏறி இரத்தம் வந்துவிட்டது. பன்னிரண்டு பேர் ஒரே அடியைக் கொட்டினாலும் ஆளுக்கு ஓர் ஓசை எழுந்து, சந்தைக் கூச்சல் போல ஒலித்தது. போதாக்குறைக்கு மறுநாள் அடிபட்ட பையனின் தகப்பனார் வந்து வாசலில் நின்றார்.

“படிக்க அனுப்பினா, குச்சி பிடிக்கச் சொல்லித் தர்றீங்களாமே சார்? சாவு வீட்டுக்குக் கொட்டப் போகவா நான் இவனை அனுப்புறேன்?” என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பறையடிப்பதைச் சிலர் தலையில் கட்டாயக் கடமையாகச் சுமத்தி, சுமந்தவர்களையே இழிவாகப் பேசிய சமூகம் நம்முடையது. அந்த அச்சம் அவர் சொல்லில் இருந்தது. மதுரைச் சீமையின் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டதை அவருக்கு எடுத்துச் சொன்னோம். அவர் கேட்டுக் கொண்டார், பதில் சொல்லவில்லை. பையனின் விரலிலிருந்த கட்டைப் பார்த்துக் கொண்டே போய்விட்டார். விருதைச் சொல்லி அந்தக் கட்டை மறைக்க முடியாது என்று நமக்கு அப்போதுதான் உறைத்தது. பையனின் கையில் மதிப்புள்ள ஒரு கருவியைக் கொடுக்காமல், அவன் செய்வது மதிப்புள்ள வேலை என்று எப்படி நம்பச் சொல்வது?

ஆகையால் பன்னிரண்டு சிண்டுகளையும் பள்ளி ஆய்வுக்கூடத் தராசில் நிறுத்தோம். ஒன்று 9 கிராம். இன்னொன்று 16 கிராம்! கண்ணுக்கு எல்லாம் ஒன்று போலவே இருந்தன. சந்தைக் கூச்சலுக்குக் காரணம் பிள்ளைகள் அல்லர் என்பது தெரிந்தது.

அடுத்த வாரம் ஆசான் வந்ததும் இந்தக் கண்டுபிடிப்பைச் சற்றுப் பெருமையோடு அவரிடம் சொன்னோம். அவர் புன்னகை செய்தார். குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே வைத்து, லேசாக வளைத்து, திண்ணைக் கல்லில் ஒரு தட்டுத் தட்டினார். ஒரு நிமிஷத்தில் அவற்றை மூன்று குவியலாகப் பிரித்து வைத்தார். தராசில் வைத்துப் பார்த்தோம். ஒரே ஒரு குச்சி மட்டும் குவியல் மாறியிருந்தது!

“கை சொல்லும் சார்” என்றார்.

பாஸ்டன் வித்வான் செய்த காரியம் இதுவேயன்றோ? ஒன்றுதான் வித்தியாசம். அவர் செய்தது அளவாக எழுதப்பட்டு, பட்டறைக்குப் போய், பணமாகத் திரும்பி வந்தது. நம் ஆசான் அறிந்தது அவர் கையோடு இருக்கிறது. அந்தக் கை ஓய்ந்தால் அடுத்த தலைமுறை மறுபடியும் சாலையோரத்து மூங்கிலை ஒடித்துக் கொண்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். நம்மிடம் குறைவாயிருப்பது வித்தை அன்று. குறித்து வைக்கும் வழக்கம்.

எனவே ஆசான் சொல்லச் சொல்ல, பிள்ளைகளைக் கொண்டு எழுதுவித்தோம். மூங்கில் மூன்றாண்டுக்குக் குறையாத முற்றலாக இருக்க வேண்டும். இளசில் நீர் மிகுதி, காய்ந்தால் சுருங்கும். வெட்டியதைச் சில நாள் நீரில் ஊறப் போட்டால் அதிலுள்ள மாவுச்சத்து கரையும். மாவு தேடி வரும் வண்டு பிறகு துளைக்காது. உலர்த்துவது நிழலில். மூங்கிலின் புறப்பக்கத்தில்தான் நார் நெருக்கம். ஆகவே அந்தப் புறணியைச் சீவி எறியாமல், அடிபடும் முகமாக வைத்துக்கொள்ள வேண்டும். கணுவில் நார் திரும்பி ஓடுவதால், வளையும் இடத்தில் கணு வரக்கூடாது. முறிந்த ஐந்தில் நான்கு கணுவில்தான் முறிந்திருந்தன. கடைசியாக, விளிம்புகளைக் கண்ணாடிச் சில்லால் வழித்து எண்ணெய் தேய்த்தால், கையில் சிலாம்பு ஏறாது.

நமது பங்குக்குப் பௌதிக சாஸ்திரத்திலிருந்து ஒரே ஒரு வரி சேர்த்தோம். சீரான ஒரு கோலின் நுனியில் அடி விழும்போது, அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஒரு புள்ளி மட்டும் அதிர்ச்சியால் தள்ளப்படாமல் நிற்கும். 28 சென்டிமீட்டர்க் கோலானால், பிடிப்பக்கத்திலிருந்து ஒன்பது சென்டிமீட்டருக்குச் சற்று மேலே. அங்கே விரல் இருந்தால் மணிக்கட்டு நோவாது. ஆசானின் விரல் எங்கே இருக்கிறதென்று அளந்து பார்த்தோம். ஏறக்குறைய அங்கேதான் இருந்தது. ஆனால் பிள்ளைகள் எல்லோரும் அடிமுனையைப் பிடித்துக் கொண்டிருந்தார்கள்.

மூங்கிலுக்கு மலையில் பஞ்சமில்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் வாழும் மக்கள் சேகரித்து விற்கத்தக்க சிறு வனப் பொருள்களுள் மூங்கிலையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அடிக்குச்சிக்கும் பிற கோல்களுக்கும் மரம் கடைய ஆள் வேண்டுமானால், மலையடிவாரத்திலேயே இருக்கிறார்கள். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தெய்வத்தின் கண் இமையைச் செதுக்குகிற உளி, இரண்டு கோல்களை ஒரே நிறையில் இழைக்க அறியாதா? கேட்பார் இல்லாமையால் செய்வார் இல்லை.

பறைக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. தவிலைப் பாருங்கள். தொப்பிப் பக்கத்தைக் கொட்டும் குட்டைக் கோல் பூவரச மரத்தில் ஆனது. வலந்தலையைக் கொட்டும் விரல்களுக்குத் துணியும் மாவுப் பசையும் சுற்றி இறுக உலர்த்திய கூடுகள். தோல்வாரும் மூங்கில் வளையமும் இருந்த இடத்தில் இப்போது எஃகுக் குழாயும் திருகாணியும் வந்து, தோல் முன்னைவிட விறைப்பாக நிற்கிறது. வாத்தியம் மாறிவிட்டது. அதற்கேற்பக் கோல் மாற வேண்டுமா, கை நோவாமலிருக்க அதன் பருமனும் நிறையும் எவ்வளவு இருக்கலாம் என்று நம் சங்கீத சபைகளும் இசைக் கல்லூரிகளும் ஒரு நாள் உட்கார்ந்து அளந்து பார்த்தால் என்ன? ராக ஆராய்ச்சிக்கு நாள் ஒதுக்குகிறோம். மணிக்கட்டுக்கு ஒரு நாள் ஒதுக்கலாகாதா?

ஆண்டு விழாவின் முடிவைச் சொல்லாமல் விட்டால் வாசகர்கள் நம்மை மன்னிக்க மாட்டார்கள். பதினொரு சிண்டுகள் நின்றன, ஒன்று முறிந்தது. அவசரத்தில் சரியாக உலராத மூங்கிலில் நாமே செய்து கொடுத்தது அது. நோட்டுப் புத்தகத்தில் அதையும் குறித்திருக்கிறோம்.

விழா முடிந்து கூட்டம் கலைந்தபோது அந்தத் தகப்பனார் வந்திருந்ததைக் கண்டோம். நம்மிடம் அவர் ஒன்றும் பேசவில்லை. மகன் கையிலிருந்த சிண்டை வாங்கி விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். “யார் செதுக்குனது?” என்று கேட்டார்.

“நான்தாம்ப்பா” என்றான் பையன்.

அவர் அதைத் திருப்பிக் கொடுக்காமல் தோள் துண்டில் சுற்றி எடுத்துக் கொண்டு, மகனோடு மலைப்பாதையில் நடந்தார்.

அடுத்த முறை கோயில் திருவிழாவிலோ கல்யாணப் பந்தலிலோ தவில் முழங்கும்போது, வாசகர்கள் ஒரு நிமிஷம் வித்வானின் கோலைப் பார்க்க வேண்டும். வாசிப்பு ஓய்ந்ததும் அருகே போய், “இந்தக் கோல் எந்த ஊரில் செய்தது?” என்று கேளுங்கள். அவர் சொல்லுவதை ஒரு காகிதத்தில் குறித்து வையுங்கள்.