கோயில் போனது, ஏடாவது மிஞ்சட்டும்

மஹய்யாவ மயானத்தில் அப்பாயியின் கல்லறையில் புல் பிடுங்கும்போதெல்லாம், அவர் ஞானஸ்நானம் பெற்ற தோட்டத்துக் கோயில் நினைவுக்கு வரும். தகரக் கூரை, மண்சுவர், ஒரு மணி. இன்று அங்கே தேயிலைதான்.

1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் (அந்தப் பெயர் இன்றும் நெஞ்சில் குத்துகிறது) மலையகத்தில் தோட்டந்தோட்டமாக ஊழியம் செய்தது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் எங்கள் சபையார் பலர் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறினர். கோயிலைக் கூட்டிப் பெருக்கவும் ஆளில்லை.

இலங்கைக் கல்லறை எழுத்துகளை ஜே. பென்றி லூயிஸ் 1913இல் நூலாக்கினார். பெரும்பாலும் வெள்ளைக்காரர் பெயர்கள். தோட்டத்தில் புதைந்த எங்களவருக்குக் கல்லே கிடையாது. ஞானஸ்நானப் பதிவேடுதான் சாட்சி.

போதகர்களே, கரையான் அரிக்குமுன் அலுமாரியைத் திறந்து ஒவ்வொரு பக்கத்தையும் படம்பிடித்து வையுங்கள்.