வந்து சேர்ந்தவர்களின் கணக்கு

காசநோய் ஏழைக்கு, குரோன் நோய் பணக்காரனுக்கு. நம் மருத்துவர்கள் பலர் மனசில் எழுதி வைத்திருக்கிற பாகப்பிரிவினை இது. வயிற்றுவலியும் மெலிந்த உடம்புமாகச் சேரியிலிருந்து ஒருத்தன் போய் நிற்கும்போது என்ன சீட்டு எழுதுகிறார்கள் என்று பார்த்தால் தெரிந்துவிடும். குடலைப் பற்றியா தலையங்கம் என்று தோழர்கள் கேட்கலாம். உடல் அரசியல் என்று பக்கம் பக்கமாக எழுதியாயிற்று. குடலும் அந்த உடலில்தான் இருக்கிறது.

குரோன், உணவுப் பாதையில் வாயிலிருந்து ஆசனவாய்வரை எங்கும் வரக்கூடிய அழற்சி நோய். சிறுகுடல் பெருங்குடலோடு சேருகிற சந்தி அதற்குப் பிடித்த இடம். விட்டுவிட்டுப் புண் போடும், குடல்சுவரின் முழுக் கனத்தையும் அரிக்கும். வருஷம் போகப் போகக் குடல் சுருங்கி அடைத்துக்கொள்ளும், இல்லையென்றால் துளைத்துக்கொண்டு பக்கத்துக் குடலுக்கோ தோலுக்கோ வழி போடும். பத்தாண்டுக்குள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கத்தி வைக்க வேண்டியிருந்தது என்பது மேற்கு நாடுகளின் பழைய கணக்கு, இப்போது குறைந்திருக்கிறது. பெரும்பாலும் இளவயதில் தொடங்குகிறது. இதை வாசிக்கிற மாணவர்களின் வயது.

குடல் காசநோயும் அதே சந்தியில்தான் உட்காரும். அதே வலி, அதே காய்ச்சல், அதே மெலிவு. பயாப்சி எடுத்தாலும் பல நேரம் பிரித்துச் சொல்ல முடியாது. காசநோயைக் குரோன் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி உடம்பெங்கும் பரவி ஆளையே கொன்றுவிடும். அதனால் நம் நாட்டில் முதலில் காசநோய் மாத்திரை கொடுத்துப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு மாசத்தில் மறுபடி குழாய் விட்டுப் பார்க்கணும். புண் ஆறவில்லை என்றால் நோயின் பேரை மாற்றணும். தப்பான மாத்திரையில் காலம் கடத்தினால் குரோன் நோயாளிக்குக் குடல் சுருக்கம் கூடுகிறது என்று தில்லி எய்ம்ஸ் மருத்துவர்களே ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள்.

காசு கட்டுகிறவனுக்கு அந்த இரண்டாவது பரிசோதனை நடக்கிறது. என் சித்தி மகனுக்கு நடக்கவில்லை. ஆதிதிராவிடர் விடுதியில் தங்கிப் படித்தவன். நாளைக்கு எட்டுத் தடவை கக்கூஸ் போகணும். அங்கே கதவு இருந்தா தண்ணி இருக்காது, தண்ணி இருந்தா கதவு இருக்காது. வகுப்பில் உட்காரணுமே என்று காலையில் சாப்பிடாமலே போவான். ஒரு மருத்துவமனையில் ஆறு மாசம் மாத்திரை கொடுத்தார்கள். வலி போகவில்லை என்றதும் ஒழுங்காகத் தின்றிருக்க மாட்டாய் என்று திட்டி, இன்னும் ஆறு மாசம் எழுதினார்கள். "மாட்டுக்கறி திம்பீங்களாடா?" என்று ஒருத்தர் கேட்டார். அதற்கும் இந்த நோய்க்கும் என்ன சம்பந்தம் என்று திருப்பிக் கேட்க அவனுக்குத் தெம்பில்லை. கடைசியில் குடல் அடைத்துக்கொண்டு அறுத்தார்கள். அறுத்த துண்டைச் சோதித்த பிறகுதான் குரோன் என்று பேர் வந்தது. அதற்குள் படிப்பு நின்றுபோனது.

அவன் எந்த ஆய்வேட்டிலும் இல்லை. மருத்துவமனை நோயாளிகளை வைத்து எழுதுகிற கணக்கு, வந்து சேர்ந்தவர்களின் கணக்கு. 1932-ல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் குரோன், கின்ஸ்பர்க், ஆப்பன்ஹைமர் மூவரும் 14 நோயாளிகளை வைத்து இந்த நோயை விவரித்தார்கள். (ஆங்கில அகரவரிசையில் முதலில் வந்ததால் குரோன் பேர் நிலைத்தது. 1913-லேயே இதை எழுதிய கிளாஸ்கோ டேல்சியலை யாருக்கும் ஞாபகமில்லை.) அந்த மருத்துவமனை 1852-ல் யூதர்கள் தங்களுக்காகத் தொடங்கியது. இது யூதர்களின் நோய் என்று பேச்சு கிளம்பியது. அவர்களிடம் கூடுதலாக இருப்பது பிற்பாடு மரபணு வரைக்கும் போய் உறுதியான உண்மைதான். ஆனால் கறுப்பர்களிடம் அபூர்வம் என்றும் சேர்த்தே சொன்னார்களே? 1960 முதல் 1963 வரை பால்டிமோர் மருத்துவமனைகளில் எடுத்த கணக்கிலும் வெள்ளையரல்லாதார் எண்ணிக்கை குறைவாகவே வந்தது. 1998-ல் ஜார்ஜியா மாநிலக் கறுப்பினக் குழந்தைகளிடம் பார்த்தபோது அபூர்வமெல்லாம் ஒன்றுமில்லை என்று தெரிந்தது. 1970களின் தொடக்கத்தில் கறுப்புச் சிறுத்தைகள் சொந்தமாக இலவச மருத்துவமனைகள் திறந்து, அரிவாள் செல் சோகைக்குத் தாங்களே ரத்தம் சோதித்தார்களே, அது சும்மா இல்லை.

நம் நாட்டு ஆய்வுகளை எனக்குப் புரிந்த மட்டும் வாசித்திருக்கிறேன். வயசு, ஆணா பெண்ணா, குடலில் எந்த இடம், பீடி சிகரெட் உண்டா (இந்த நோயைப் புகை மோசமாக்கும், தோழர்கள் கவனிக்க), அறுவை நடந்ததா எல்லாம் இருக்கும். சாதி இருக்காது. தொடர்ந்து வராதவர்கள் பெரும்பாலும் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டிருப்பார்கள். நான் வேலை பார்க்கும் வங்கியில் இரண்டு வருஷம் வரவுசெலவு இல்லாத கணக்கைச் செயல்படாதது என்று தனியே வைப்போம். ஆனால் பேரேட்டிலிருந்து கிழித்துவிட முடியாது, பாக்கியைக் கூட்டித்தான் ஆகணும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி, மாசாமாசம் வர முடியாத நோயாளியைக் கழித்துவிட்டு 'பலன் நன்று' என்று எழுதுவது என்ன கணக்கு?

மருந்து இல்லாமலில்லை. அசதியோபிரின் மலிவான மாத்திரை. அடிக்கடி ரத்தம் சோதிக்கணும், அதற்கும் பஸ் ஏறணும். இன்ஃபிளிக்சிமாப் 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அடலிமுமாபின் நகல் 2014-ல் இங்கேயே தயாராகி விலை இறங்கியது. இறங்கிய விலைக்கும் தாலியைக் கழற்றி வைக்கிற பெண்களை நகைக்கடன் கவுண்டரில் பார்க்கிறேன்.

பெருங்குடல் புண்நோய்க்குப் பஞ்சாபில் வீடுவீடாகப் போய் 51,910 பேரை விசாரித்து 23 பேரைக் கண்டுபிடித்தார்கள், 2003-ல் வெளியானது. குரோனுக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும், ஊரோடு நிற்காமல் சேரிக்குள்ளும் வர வேண்டும். கேஸ் ஷீட்டில் சாதி எழுதினால் வார்டிலும் தீண்டாமை வரும் என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். பயம் நியாயமானது. படுக்கையில் தொங்குகிற சீட்டில் வேண்டாம்; பேரில்லாமல் தனிப் பதிவேட்டில் எழுதட்டும். எழுதவே கூடாது என்பதை நான் ஏற்கவில்லை.

அதுவரை ஒன்று செய்யலாம். உங்கள் தெருவில், விடுதியில் யாராவது குடல் காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டால், இரண்டாவது மாசம் கூடப் போங்கள். மறுபடி குழாய் விட்டுப் பார்த்தீர்களா, புண் ஆறியிருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். பதில் வரும்வரை மாத்திரையை நிறுத்த வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் இந்த மறுபரிசோதனை கட்டாயம் நடக்க வேண்டும், விடுதிக் கழிப்பறைகளுக்குக் கதவும் தண்ணீரும் வேண்டும் என்ற இரண்டு கோரிக்கைகளோடு மனுவின் மாதிரி பின்னட்டையின் உள்பக்கத்தில் இருக்கிறது. கையெழுத்து வாங்கி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பிவிட்டு, ஒரு நகலை நமக்கும் அனுப்புங்கள்.