பாவித்த கேமை விற்க யாரிடம் அனுமதி கேட்பது?

பிளேஸ்டேஷன் 5க்கான பெரிய கேம் ஒன்று 70 அமெரிக்க டொலர். டொலருக்கு 300 ரூபா என்று வைத்தால் 21,000 ரூபா. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபா. றக்வான பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவருக்கு அந்தக் கணக்கில் பதினைந்து நாளுக்கு மேல் முழுப்பேர் வேண்டும், ஒரேயொரு கேமுக்கு.

லயத்துப் பையன் ஒருவன் கொழும்பில் கடை வேலை செய்து சேர்த்த காசில் பாவித்த பிளேஸ்டேஷன் வாங்கி வந்தால், அதில் போடும் டிஸ்க்கும் பாவித்ததாகத்தான் இருக்கும். விளையாடி முடித்ததும் அதை விற்று, மேலே கொஞ்சம் போட்டு அடுத்ததை வாங்குவான். அந்த வழியை அடைத்தால் அவனுக்கு மிஞ்சுவது திருட்டுக் கொப்பிதான்.

இரண்டாம் விற்பனையில் தங்களுக்குச் சதமும் வருவதில்லை என்று கேம் நிறுவனங்கள் முறையிடுகின்றன. உண்மைதான். பல வருடம் உழைத்து ஒரு கேமை உருவாக்குபவர்களின் கூலியை நான் அற்பமாக நினைக்கவில்லை. ஆனால் அந்தப் பிரதிக்கான விலையை முதலில் வாங்கியவர் கொடுத்துவிட்டார். கெப்கொம், சொனி உள்ளிட்ட நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் ஜப்பானின் உயர் நீதிமன்றம் 2002 ஏப்ரல் 25இல் இதைத்தான் சொன்னது: முதல் விற்பனையோடு அந்தப் பிரதி மீதான விநியோக உரிமை தீர்ந்துவிடுகிறது. 2013இல் எக்ஸ்பொக்ஸ் வன் டிஸ்க்குகளின் மறுவிற்பனைக்கு மைக்ரோசொஃப்ட் கட்டுப்பாடு அறிவித்தபோது எழுந்த எதிர்ப்பில், சில வாரங்களிலேயே அதைக் கைவிட வேண்டியதாயிற்று.

இப்போது டிஸ்க்கே மறைந்து வருகிறது. 2024இல் வந்த பிளேஸ்டேஷன் 5 ப்ரோவில் டிஸ்க் போடும் பகுதி இல்லை. வேண்டுமானால் தனியாக வாங்கிப் பூட்ட வேண்டும். பதிவிறக்கிய கேமை விற்கவும் முடியாது, தம்பிக்குக் கொடுக்கவும் முடியாது. ஐரோப்பிய நீதிமன்றம் 2012இல் பதிவிறக்கிய மென்பொருளை மறுபடி விற்கலாம் என்றது. ஆனால் கேம்களுக்கும் அதே உரிமை கேட்டு, பிரான்ஸில் நுகர்வோர் சங்கமொன்று ஸ்டீம் கேம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனத்தை எதிர்த்து 2019இல் வென்றது, மேன்முறையீட்டில் தோற்றது, 2024 ஒக்டோபரில் அந்நாட்டின் உயர் நீதிமன்றமும் கையை விரித்துவிட்டது. டிஜிட்டல் பிரதி தேயாது, பழையதும் புதிதும் ஒன்றே, ஆகவே நிறுவனத்தின் சந்தை கெடும் என்பது அங்கே எடுபட்ட வாதங்களில் ஒன்று.

எனக்கு அது உடன்பாடில்லை. கேமின் மதிப்பைக் குறைப்பது தேய்மானமல்ல, காலம். இரண்டு வருடத்தில் அதே கேமை நிறுவனமே பாதி விலைக்கு விற்கிறது. ஒரு கணக்கிலிருந்து நீக்கி இன்னொரு கணக்கில் சேர்க்கும் வசதியும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. பிரதி ஒன்று, பாவிப்பவர் ஒருவர் என்ற ஒழுங்கு அதில் குலையாது.

நமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினிச் செயல்நிரல்களைப் பாதுகாக்கிறது. பதிவிறக்கிய பிரதியைக் கைமாற்றுவதற்கு அதில் தனி ஏற்பாடு கிடையாது. அதைத் திருத்தக் காலம் பிடிக்கும். அதற்கு முன்பே செய்யக்கூடிய வேலை ஒன்றுண்டு. டிஜிட்டல் பொருளை வாங்குபவருக்குக் கிடைப்பது அனுமதிப்பத்திரம் மட்டுமே என்பதை விற்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்ற சட்டம் கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. பொருட்களின் லேபல் பற்றிப் பணிப்புரை விடுக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு இங்கே அதிகாரம் இருக்கிறது. கேம் பெட்டியிலும் பதிவிறக்கக் குறியீட்டு அட்டையிலும், இதை மறுபடி விற்கலாமா கூடாதா என்று தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடும்படி இந்த வருடமே அது பணிக்க வேண்டும்.