கருப்பட்டியின் பெயருக்குச் சட்டம் இருக்கிறது... கல்லூரி வீரரின் முகத்துக்கு?

உடன்குடி கருப்பட்டின்னாலே தனி மவுசுதான். கடையில் போய், 'உடன்குடிதானே?' என்று கேட்டு வாங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் பெயருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. வேறெங்கோ தயாரித்த சரக்கின் மேல் 'உடன்குடி' என்று லேபிள் ஒட்டி விற்றால், 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க 1999-ம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஒரு பேச்சுக்கு, அதே உடன்குடியில் இருந்து ஒரு கல்லூரி மாணவர் பல்கலைக்கழக அணிக்கு விளையாடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிறகு டிஎன்பிஎல் கிரிக்கெட்டிலோ, புரோ கபடி லீகிலோ வாய்ப்பு கிடைக்கிறது. சில மாதங்களில் ஒரு மொபைல் கேம் வருகிறது. அதில் அவருடைய பெயர், ஜெர்சி நம்பர், முகச்சாயல், ஆடும் ஸ்டைல் எல்லாம் அப்படியே இருக்கின்றன. கேம் நிறுவனம் சம்பாதிக்கிறது. ஆனால், அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்து பைசா வரவும் இல்லை.

வழக்குப் போட்டால் ஜெயிப்பாரா? உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் இந்தியாவில் இன்றைய நிலை. கருப்பட்டியின் பெயருக்கு இருக்கும் தெளிவான பாதுகாப்பு, ஒரு வீரரின் முகத்துக்கு இல்லை. ஏன்?

எங்கே ஆரம்பித்தது இந்தச் சண்டை?

அமெரிக்காவில். 1995-ல் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்துக்குத் தேசிய கூடைப்பந்துப் பட்டம் வாங்கிக்கொடுத்தவர் எட் ஓபானன். பல ஆண்டுகள் கழித்து, லாஸ் வேகாஸ் பகுதியில் கார் விற்பனையாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது நண்பர் வீட்டுக்குப் போனார். அங்கே இஏ ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் கல்லூரிக் கூடைப்பந்து வீடியோ கேம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் 31-ம் நம்பர் ஜெர்சியில், இடது கையால் பந்து எறியும் ஒரு வீரர். பெயர் போடவில்லை. ஆனால், அது தான்தான் என்று ஓபானனுக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

அப்போது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதி கறாரானது. மாணவ வீரர்கள் 'அமெச்சூர்'கள். கல்வி உதவித்தொகைக்கு மேல் அவர்கள் பணம் வாங்கக் கூடாது. டிவி உரிமம், டிக்கெட், ஜெர்சி, கேம் எல்லாவற்றிலும் மற்றவர்கள் சம்பாதிக்கலாம். ஆடுகிறவருக்கு மட்டும் தடை.

2009-ல் ஓபானன் வழக்குத் தொடுத்தார். அதே ஆண்டு சாம் கெல்லர் என்ற முன்னாள் கல்லூரி வீரரும் தனியாக வழக்குப் போட்டார். 2013-ல் வெளியான பதிப்போடு தன் கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் கேமையே இஏ நிறுத்திக்கொண்டது. இஏ தரப்பு 4 கோடி டாலர், என்சிஏஏ 2 கோடி டாலர் என மொத்தம் 6 கோடி டாலரைச் சமரசமாகக் கொடுத்தன. 2014-ல் ஓபானன் வழக்கிலும், என்சிஏஏ-வின் தடை வணிகப் போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று நீதிமன்றம் கூறியது.

600 டாலர் எப்படி வந்தது?

2021 ஜூலை 1 முதல், தங்கள் பெயர், உருவம், சாயலை வைத்துச் சம்பாதிக்க மாணவ வீரர்களுக்கு என்சிஏஏ அனுமதி கொடுத்தது. அதன் பிறகுதான் கேம் திரும்பி வந்தது. 2024 ஜூலையில் வெளியான 'காலேஜ் ஃபுட்பால் 25' கேமில், சம்மதம் தெரிவித்த ஒவ்வொரு வீரருக்கும் 600 டாலரும் கேமின் ஒரு பிரதியும் கொடுத்தது இஏ. அன்றைய மதிப்பில் சுமார் 50 ஆயிரம் ரூபாய். 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் சம்மதித்தார்கள்.

இந்தத் தொகை ரொம்பக் குறைவு என்ற விமர்சனம் இருக்கிறது; அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால், இங்கே கவனிக்க வேண்டியது தொகையை அல்ல, முறையை. முதலில் சம்மதம் கேட்டார்கள். வேண்டாம் என்றவரின் உருவம் கேமில் வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மாற்று ஆட்டக்காரருக்கும் அடிப்படைத் தொகை அதேதான்.

நம்ம ஊர் கேம்களில் என்ன நடக்கிறது?

2000-களில் கம்ப்யூட்டரில் 'இஏ கிரிக்கெட் 07' ஆடியவர்களுக்கு இது நினைவிருக்கும். ஆஸ்திரேலியா, இங்கிலாந்து அணிகளுக்கு மட்டும் முறையான உரிமம். இந்திய வீரர்களின் பெயர்களோ எழுத்து மாறி, விசித்திரமாக இருக்கும். இணையத்தில் 'பேட்ச்' இறக்கி, நாமே பெயர்களைச் சரிசெய்து ஆடினோம். அது ஏதோ எழுத்துப்பிழை என்றுதான் அன்றைக்குப் பலரும் நினைத்தார்கள். உண்மையில் அது உரிமம் இல்லாததற்கான குறுக்குவழி.

இன்று மொபைல் கிரிக்கெட் கேம்களில் பெரிய பெயரான 'வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப்' சென்னை நிறுவனமான நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியாவின் தயாரிப்பு. ஆக, இது எங்கோ கலிபோர்னியாவில் நடக்கிற விவகாரம் இல்லை. கேம் செய்கிறவர்களும் இங்கே இருக்கிறார்கள், ஆடுகிறவர்களும் இங்கே இருக்கிறார்கள்.

2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்தது. ட்ரீம்11 தன் கட்டணப் போட்டிகளை நிறுத்தியது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸையும், பணம் வைத்து ஆடாத சமூக விளையாட்டுகளையும் ஊக்குவிக்கிறது. அந்தப் பக்கம் முதலீடு திரும்பினால், நிஜ வீரர்களின் உருவத்துக்கான தேவையும் கூடும்.

சிராஜ், அர்ஷ்தீப் வழக்கில் நீதிமன்றம் என்ன சொன்னது?

இந்த விஷயத்துக்கு மிக அருகில் வரும் இந்திய வழக்கு இதுதான். 'ராரியோ' என்பது கிரிக்கெட் வீரர்களின் டிஜிட்டல் கார்டுகளை விற்கும் தளம். வீரர்களோடு ஒப்பந்தம் போட்டு, அவர்களின் பெயரையும் படத்தையும் பயன்படுத்தும் உரிமையைக் காசு கொடுத்து வாங்கியிருந்தது. போட்டியாக வந்த 'ஸ்ட்ரைக்கர்' தளம், அப்படி எந்த ஒப்பந்தமும் இல்லாமல் வீரர்களின் பெயர்களோடு, வரைந்த உருவங்களைக் கார்டுகளில் போட்டு விற்றது. முகமது சிராஜ், அர்ஷ்தீப் சிங், ஹர்ஷல் படேல் உள்ளிட்ட வீரர்களும் ராரியோவும் சேர்ந்து, ஸ்ட்ரைக்கருக்கும் எம்பிஎல் நிறுவனத்துக்கும் எதிராக டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

2023 ஏப்ரல் 26 அன்று, இடைக்காலத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. வீரர்களின் பெயர்களும் ஆட்ட விவரங்களும் பொதுவெளியில் இருப்பவை. அவற்றை யாரும் தனியுரிமை கொண்டாட முடியாது. வரைந்த உருவங்கள் கலை வெளிப்பாடு. அதற்கு அரசமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்துச் சுதந்திரத்தின் பாதுகாப்பு உண்டு. இதுதான் தீர்ப்பின் சாரம்.

'கோலி 80 ரன் எடுத்தார்' என்று எழுத யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை. அதுவரை சரிதான். ஆனால், ஒருவரின் முகம், உடல்வாகு, ஓட்டம், பந்து வீசும் விதம் எல்லாவற்றையும் சேர்த்து, நம் விரல் அசைவுக்கு ஆடுகிற முழு டிஜிட்டல் உருவமாக மாற்றி விற்பதும் அதே கணக்கில் வருமா? ராரியோ வழக்கு கார்டுகளைப் பற்றியது. இந்தக் கேள்வியை அது நேரடியாகச் சந்திக்கவில்லை. அமெரிக்காவிலோ, ஃபேன்டஸி விளையாட்டுக்குப் பெயரும் புள்ளிவிவரமும் பயன்படுத்தலாம் என்று 2007-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2013-ல் வேறு இரண்டு மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், மாணவ வீரரை அச்சு அசலாக கேமில் கொண்டுவந்தால் கருத்துச் சுதந்திரம் கைகொடுக்காது என்றன. இரண்டும் வேறு வேறு என்ற அந்தக் கோடு இந்தியாவில் இன்னும் போடப்படவில்லை.

ரஜினிக்குக் கிடைத்தது மற்றவர்களுக்குக் கிடைக்காதா?

2015-ல் தன் பெயரையும் பாணியையும் பயன்படுத்திய ஒரு இந்திப் படத்துக்கு எதிராக ரஜினிகாந்த் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கினார். அமிதாப் பச்சன், அனில் கபூர், ஜாக்கி ஷெராஃப் ஆகியோர் டெல்லியில் இதேபோன்ற பாதுகாப்பு பெற்றார்கள். 'ஆளுமை உரிமை' என்று செய்திகளில் வருவது இதைத்தான்.

இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. வழக்குக்கு வழக்கு நீதிமன்றங்கள் உருவாக்கிய உரிமை இது. அதில் பாதுகாப்பு கேட்பவர் முதலில் தன்னை ஒரு பிரபலம் என்று காட்ட வேண்டியிருக்கிறது. ரஜினியை யாருக்குத் தெரியாது? ஆனால், கோவில்பட்டி மைதானத்தில் ஹாக்கி ஆடும் மாணவரோ, திருச்செந்தூரில் உடற்கல்வி படித்துக்கொண்டே கபடி ஆடுபவரோ அதை எப்படி நிரூபிப்பார்? வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவார்?

ஒரு நம்பிக்கைக் கீற்றும் தமிழ்நாட்டில் இருந்தே வந்திருக்கிறது. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது தொடர்பான வழக்கில், 1994-ல் உச்ச நீதிமன்றம் தனியுரிமை பற்றிப் பேசியது. ஒருவரின் பெயரையோ சாயலையோ அவர் சம்மதமில்லாமல் விளம்பரத்துக்கோ வேறு நோக்கத்துக்கோ பயன்படுத்துவது உரிமை மீறல் என்று அதில் குறிப்பிட்டது. பிரபலமாக இருக்க வேண்டும் என்று அங்கே நிபந்தனை இல்லை. ஆனால், அந்த விதையை வீடியோ கேம் வரை யாரும் இன்னும் வளர்த்து எடுக்கவில்லை.

வேறு சட்டங்கள் உதவாதா?

பதிப்புரிமைச் சட்டத்தில் 'நிகழ்த்துக் கலைஞர்' யார் என்ற பட்டியலில் நடிகர், பாடகர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரை பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். விளையாட்டு வீரரின் பெயர் அதில் இல்லை. 'நிகழ்ச்சி நடத்தும் வேறு எவரும்' என்ற பொதுச் சொல்லுக்குள் அவரை நுழைக்க முடியுமா என்று வாதாட வேண்டியதுதான்.

2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தைப் பற்றிப் பேசுகிறது. ஆனால், ஒருவர் தானாகவே பொதுவெளியில் போட்ட தரவுக்கு அது பொருந்தாது. இன்ஸ்டாவில் தன் ஆட்டத்தை ரீல்ஸாகப் போடாத இளம் வீரர் யார் இருக்கிறார்? அப்படியே சட்டம் பொருந்தினாலும், அபராதப் பணம் அரசுக்குத்தான் போகும். வீரருக்கு இழப்பீடு கிடையாது.

எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் கேட்டால் கேம் தொழில் படுத்துவிடாதா?

நியாயமான கேள்விதான். நாலு பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சின்ன ஸ்டூடியோ, ஆயிரம் வீரர்களிடம் தனித்தனியாகக் கையெழுத்து வாங்க முடியாது. பெரிய நிறுவனங்கள் மட்டுமே தாக்குப்பிடிக்கும் என்ற நிலை வந்தால், அதுவும் நல்லதில்லை.

இதற்கான விடை கால்பந்தில் ஏற்கெனவே இருக்கிறது. வீரர்களின் உலகளாவிய சங்கமான ஃபிஃப்ப்ரோ, பல்லாயிரம் வீரர்களின் பெயரையும் உருவத்தையும் மொத்தமாக கேம் நிறுவனங்களுக்கு உரிமம் கொடுக்கிறது. குறைகளும் இல்லாமல் இல்லை. 'என் முகத்தைப் பயன்படுத்த யார் அனுமதி கொடுத்தது?' என்று 2020-ல் ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச் வெளிப்படையாகவே கேட்டார். ஆனாலும், நிறுவனம் போய்ப் பேச ஒரு கதவு அங்கே இருக்கிறது.

இந்தியாவில் அந்தக் கதவே இல்லை. 2019-ல் தொடங்கிய இந்திய கிரிக்கெட் வீரர்கள் சங்கமும் ஓய்வு பெற்றவர்களுக்கானது. கிரிக்கெட்டுக்கே இதுதான் கதி என்றால், கபடி, ஹாக்கி, வாலிபால் ஆடும் கல்லூரி மாணவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

என்ன செய்யலாம்?

முதலில், மாணவர்கள் இன்றே செய்யக்கூடியது: போட்டிக்குப் பதிவு செய்யும் படிவத்தையும் லீக் ஒப்பந்தத்தையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது. 'புகைப்படம், வீடியோவைப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்' என்ற வரி இருந்தால் மூன்று கேள்வி கேட்க வேண்டும். எத்தனை ஆண்டுகளுக்கு? போட்டி விளம்பரத்துக்கு மட்டுமா, கேமுக்கும் ஏஐ-க்கும் சேர்த்தா? மூன்றாம் நிறுவனத்துக்குக் கைமாற்றிக் கொடுக்க முடியுமா? 'எல்லாரும் போடுறாங்க, நீயும் போடு' என்பது பதில் ஆகாது.

இரண்டாவது, அரசு செய்ய வேண்டியது: பெயரும் ஸ்கோரும் எல்லோருக்கும் பொது, அச்சு அசலான டிஜிட்டல் உருவத்துக்குச் சம்மதமும் பங்கும் கட்டாயம் என்று சட்டத்தில் ஒரு கோடு போடுவது. பிரபலமா இல்லையா என்ற கேள்வியே அதில் வரக் கூடாது. முகம் எல்லோருக்கும் ஒன்றுதான் இருக்கிறது.

மூன்றாவதுதான் முக்கியம்: கூட்டாகப் பேசும் அமைப்பு. 2025-ல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், தேசிய விளையாட்டு அமைப்புகளில் வீரர்கள் குழு இருக்க வேண்டும் என்கிறது. உருவ உரிமையைப் பேச அந்தக் குழுக்களையே தொடக்கமாக எடுத்துக்கொள்ளலாம். பல்கலைக்கழக விளையாட்டு வாரியங்களும் மாணவர்கள் சார்பில் மாதிரி ஒப்பந்தம் ஒன்றைத் தயாரிக்கலாம்.

உடன்குடி கருப்பட்டிக்கும் பாதுகாப்பு அப்படித்தான் கிடைத்தது. புவிசார் குறியீட்டைத் தனியொரு வியாபாரி தன் பெயரில் பதிவு செய்ய முடியாது. உற்பத்தியாளர்களின் அமைப்பு கேட்டால்தான் சட்டம் கொடுக்கும். பனையேறுகிறவர் ஒவ்வொருவரும் தனியாகக் கோர்ட் படி ஏற வேண்டியிருந்திருந்தால், அந்தப் பெயரை யார் யாரோ எப்போதோ விற்றுத் தீர்த்திருப்பார்கள். கல்லூரி வீரர்களின் முகத்துக்கும் அதே ஆபத்து இருக்கிறது. காப்பாற்றும் வழியும் அதேதான்.