யார் கையில் அந்தக் கோப்பு?

புனேயை ஒட்டிய சாகனிலும் பிம்பிரி சிஞ்ச்வடிலும் வாகன உதிரிபாக ஆலைகள் ஏராளம். பெரிய வாகன நிறுவனங்கள் அவற்றிடம் பொதுவாக எதிர்பார்க்கும் தரச் சான்று ஐஏடிஎஃப் 16949. 2016இல் வெளியான அந்தத் தரநிலை, ஒவ்வொரு செயல்முறைக்கும் பொறுப்பாளர் யார் என்பதை மேல்நிர்வாகமே அடையாளம் காண வேண்டும் என்கிறது. அவர் தன் பங்கைப் புரிந்தவராகவும் அதற்குத் தகுதியுள்ளவராகவும் இருக்க வேண்டும். வேலைமுறைக் குறிப்புக்கும் அவரே பொறுப்பேற்பதுதான் முறை. வெல்டிங் பிரிவில் மின்னோட்ட அளவை மாற்றுபவர் அந்தப் பிரிவின் தலைவர். குறிப்பைத் திருத்த வேண்டியவர் தரப்பிரிவு ஊழியர் என்றால், ஆலை ஒன்று செய்யும், தாள் இன்னொன்று சொல்லும். தணிக்கைக்கு முந்தைய வாரம் தாளில் அவசரமாகத் தேதி மட்டும் மாற்றப்படும். புதிதாகச் சேர்ந்த ஒப்பந்தத் தொழிலாளி அந்தப் பழைய தாளை நம்பித்தான் வேலை செய்வார். ஐஏடிஎஃப் தரநிலைக்கு அடிப்படையான ஐஎஸ்ஓ 9001 முன்பு நிர்வாகப் பிரதிநிதி என்று ஒருவரைக் கட்டாயமாகக் கேட்டது. 2015 பதிப்பு அந்தக் கட்டாயத்தை நீக்கியது சரியான முடிவு. ஒருவர் தலையில் எல்லாவற்றையும் கட்டினால் மற்றவர்கள் கைகழுவிவிடுகிறார்கள்.

உற்பத்தி இலக்கோடு மல்லுக்கட்டுபவருக்கு எழுத்து வேலை ஏது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எழுதித் தர உதவியாளர் இருக்கட்டும். உள்ளடக்கம் சரியென்று கையெழுத்திடுவது மட்டும் பிரிவுத் தலைவரின் கடமை, அதற்கான நேரம் அவருடைய வேலைநேரத்திலேயே ஒதுக்கப்பட வேண்டும். ஆட்கள் அடிக்கடி வேலை மாறுகிறார்களே என்பது அடுத்த ஆட்சேபம். பொறுப்பை ஆளின் பெயரோடு நிறுத்தாமல் பதவியோடு இணைத்து, விலகுபவர் குறிப்புகளைச் சரிபார்த்து ஒப்படைத்த பிறகே பணிவிடுப்புக் கடிதம் தரலாம்.