மகரக்கட்டும் மாணவர் குரலும்

கல்லூரியின் காலை வழிபாட்டைப் பழைய மாணவர் எவரும் மறந்திருக்கமாட்டார். மண்டபத்தின் முன்வரிசையிலே சிறு வகுப்புப் பிள்ளைகள். பின்னே மீசை அரும்பிய இளைஞர். ஒருவன் ஐந்து கட்டைச் சுருதியிலே தேவாரத்தை எடுத்துக் கொடுக்கின்றான். முன்வரிசையார் இனிது பாடுகின்றனர். பின்வரிசையாரோ வாயை மாத்திரம் அசைக்கின்றனர். ஆசிரியர் வரிசையில் நின்று இருபது ஆண்டுகளாக இக்காட்சியைக் கண்டு வருகின்றோம். வளர வளரப் பிள்ளைகளுக்குப் பத்தி குறைந்துவிடுகின்றது என்று கடிந்துகொள்வாரும் உளர். நாமும் கடிந்ததுண்டு. அது பிழை. அவர்களுக்கு எட்டாத சுருதியிலே பாட்டு எடுக்கப்படுகின்றது என்பதே உண்மை. முன்வரிசைப் பிள்ளைக்கு எளிதாகும் மேல் ஷட்ஜம் பின்வரிசை இளைஞனுக்குக் கூச்சலாகின்றது. ஒரு ஸ்தாயி இறங்கிப் பாடினாலோ குரல் கிணற்றினடியிலிருந்து வருவதுபோல் ஒலிக்கின்றது. அவன் வேறென் செய்வான்?

ஆண்பிள்ளைகளின் குரல் பெரும்பாலும் 12 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையிலே மாறுகின்றது. பழைய நாடகக் கம்பனிக்காரர் இதனை மகரக்கட்டு என்பர். குரல்வளை வளர, அதனுள்ளிருக்கும் குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. தந்தி நீண்டு தடித்தால் ஒலி தாழ்வதுபோலக் குரலும் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி தாழ்ந்துவிடுகின்றது. பேசும்போது சிறுவனின் குரல்நாண்கள் விநாடிக்கு ஏறத்தாழ 250 முறை அதிர்வன. வளர்ந்த ஆடவனுக்கு 120 முறை அளவே. நாண் வளர்ந்த வேகத்துக்கு அதனை இயக்குந் தசைகள் பழகுவதற்கோ சில மாதங்கள் செல்லும். சிலருக்கு ஓரிரு ஆண்டுகளுஞ் செல்லும். அக்காலத்தில் நேற்றுப் பாடிய சுரம் இன்று வாராது. வந்தாலும் நடுவில் உடையும். ஐந்தாறு சுரங்களுக்குள்ளேயே நின்று பாட வேண்டியவரும் உளர். இது நோயன்று. மீசை அரும்புவது போன்றதொரு வளர்ச்சியே. ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் உளநூல் கற்றோம், கற்பித்தல் முறை கற்றோம்; இதனை மட்டும் எவரும் எமக்குச் சொல்லவில்லை.

எமக்கு 14 வயதில் நிகழ்ந்ததொன்றை இங்குச் சொல்லிவிடுகின்றோம். ஒரு பண்ணிசைப் போட்டிக்கு எம்மைப் பழக்கியவர், முந்திய ஆண்டு நாம் பரிசு பெற்ற அதே சுருதியை விட மறுத்தார். ‘இறக்கினால் எடுபடாது’ என்பது அவர் தீர்ப்பு. இரண்டு கிழமை தொண்டை நோவோடு பாடிப் பழகினோம். மேடையிலே இரண்டாம் அடியிற் குரல் உடைந்தது; சபை சிரித்தது. அன்றோடு பாடுவதை விட்டோம். அதனால் உலகத்துக்கு ஒன்றுங் குறைந்துவிடவில்லை. ஆயினும் தமிழாசிரியனாய் வந்தபின், இசையோடு படித்துக் காட்டவேண்டிய செய்யுளையெல்லாம் வசனம்போல் வாசித்துவிட்டு நகர்ந்தோம். அங்ஙனம் எம்மிடம் ஓசையறியாது செய்யுள் கற்றுச் சென்றோருட் சிலர் இம்மலரையும் வாசிப்பர். அவர்கள் பொறுத்தருள்க.

‘இறக்கினால் எடுபடாது’ என்னும் எண்ணம் நாடகக் கொட்டகையிலே வளர்ந்தது. ஒலிபெருக்கி இல்லாத காலத்திற் கடைசி வாங்கிலிருப்பவனுக்குங் கேட்கவேண்டுமாயின் உச்சத்திலே பாடத்தான் வேண்டும். எஸ். ஜி. கிட்டப்பா ஈழத்துக்கும் வந்து நடித்தவர். அவருடைய உச்சக் குரலுக்கு இங்கும் மயங்கியோர் பலர். அவர் 1933 இல் மறைந்தார், அச்சுவை மறையவில்லை. ஒலிவாங்கியை வாய்க்கு நேரே வைத்துக்கொண்டும் ஐந்து கட்டையை நாடுகின்றோம். பழந்தமிழர் மெலிவு, சமன், வலிவு என மூன்று நிலை வகுத்தனர். நமது நடுவர்களின் புள்ளிகளோ வலிவு ஒன்றுக்கே போய்ச் சேருகின்றன.

ஒரு பிள்ளையின் குரலெல்லையைக் காண்பது அரிய வித்தையன்று. தடிமன் இல்லாத ஒரு நாளில், துயிலெழுந்து ஒரு மணி நேரமாவது சென்றபின், சுருதிப்பெட்டியை எடுத்துக்கொள்க. அவன் இயல்பாகப் பேசுங் குரலில் ‘ஆ’ என்று தொடங்கி ஒவ்வொரு சுரமாக இறங்கட்டும். ஒலி தேய்ந்து கரகரக்கும் இடத்துக்கு மேலேயுள்ள சுரமே அவனுக்குக் கீழெல்லை. பின்பு ஏறட்டும். கழுத்து நரம்பு புடைத்தாலும், தாடை முன்னே நீண்டாலும், முகம் வானத்தை நோக்கினாலும் எல்லை கடந்துவிட்டதென்று அறிக. கச்சேரி செய்வோர் கீழ்ப் பஞ்சமமும் மேற் பஞ்சமமும் எட்டுமாறு ஆதார சுருதியை அமைத்துக்கொள்வர். ஆடவர்க்கு ஒன்று முதல் இரண்டு கட்டை வரையில் அது அமைவது பெருவழக்கு. பள்ளிப் பிள்ளைக்கு அத்துணைப் பரப்பு வேண்டியதில்லை. எல்லையைக் குறித்து வைத்து, மூன்று மாதத்துக்கொருமுறை மீண்டும் பார்த்தாற் போதும்.

விரிப்பதற்கும் அவசரம் ஆகாது. நடுச்சுரங்களை மென்மையாகப் பாடித் தொண்டை இளகிய பின்னரே ஓரங்களை அணுகவேண்டும். நொந்தால் அன்றைக்கு நிறுத்தவேண்டும். தொண்டை கிழியப் பாடினாற்றான் குரல் திறக்கும் என்பது கொடிய மூடநம்பிக்கை. உழவன் கையிற் காய்ப்பு ஏறுவதுபோல, முக்கிப் பாடுவோரின் குரல்நாணிலும் முடிச்சு விழும். மிளகும் பனங்கற்கண்டும் தொண்டைக்கு இதந் தரலாம். ஆனால் விழுங்குவது உணவுக்குழாய் வழியே போவது, குரல்நாணைத் தொடுவதில்லை. நோவை மறைத்துவிட்டு மறுபடி கத்துவதற்கே அவை துணையாகின்றன. தண்ணீரும் உறக்கமும் அவற்றினும் மேலானவை. கிரிக்கெட் ஆட்டத்திற் பகல் முழுதுங் கூவிவிட்டு மறுநாட் போட்டிக்கு வரும் வீரர்களுக்கு என்ன சொல்வதென்று எமக்கும் தெரியவில்லை. கரகரப்பு மூன்று கிழமைக்கு மேல் நின்றால் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டவேண்டும். இவையெல்லாம் வைத்தியர் காரியம், ஆசிரியனுக்கென்ன என்பார்க்கு ஒன்று சொல்வோம்: 1854 இல் சிறு கண்ணாடி கொண்டு தமது தொண்டைக்குள்ளே குரல்நாண் இயங்குவதைக் கண்ட மனுவேல் கார்சியா ஒரு சங்கீத ஆசிரியரே.

சுருதியை இறக்க விட்டாற் போட்டியின் தரங் குறையும் என்று நண்பர் ஒருவர் எம்மோடு வாதாடினார். சுருதி சேர்தல், பண் வழுவாமை, எழுத்துத் திருத்தம் என்பனவே தரம் என்றோம். முக்கிப் பாடுமிடத்து உயிரெழுத்துத் திரிந்து சொல்லே சிதைகின்றதைத் தமிழாசிரியன் எப்படிப் பொறுப்பான்?

சென்ற ஆண்டு எம் வகுப்பு மாணவன் ஒருவன் வந்து, “ஐயா, என் குரல் பழுதாய்ப் போய்விட்டது, போட்டிக்கு வேறொருவனைப் போடுங்கள்” என்றான். “பழுதாகவில்லைத் தம்பி, வளருகிறது” என்று சொல்லி, ஆறு மாதம் வழிபாட்டிலே தாளம் போட வைத்தோம். இவ்வாண்டுப் பொங்கல் விழாவில் ஒன்றரைக் கட்டையிலே பதிகம் எடுத்தான். பின்வரிசையிலிருந்தும் குரல் கேட்டது.

காலை வழிபாட்டில் ஒரு பாட்டைச் சிறியோர் சுருதியிலும் மற்றொன்றை மூத்தோர் சுருதியிலும் எடுக்கலாம். மகரக்கட்டிலுள்ளோர் கையில் தாளத்தைக் கொடுக்கலாம். இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. தேவாரப் போட்டிக்கு வெள்ளிக் கிண்ணம் ஒன்று வழங்கப் பழைய மாணவர் சிலர் முன்வந்திருக்கின்றனர் என அறிகின்றோம். மகிழ்ச்சி. கிண்ணம் சற்றுச் சிறிதாயினும் ஆகுக. மிஞ்சும் பணத்தில் ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒரு சுருதிப்பெட்டி வாங்கலாம். போட்டி விதிகளை எழுதுமுன் எம்மையும் ஒருமுறை அழைப்பார்களாயின், மாலை நான்கு மணிக்குப் பின் எந்நாளும் வரச் சித்தமாயிருக்கின்றோம்.